ஏறும்போது மட்டும்

கட்டபெட்டில் மூன்று நாளாக வெயில் இல்லை.
ஷட்டரைப் பாதி தூக்கினால்
மூட்டம்தான் முதலில் உள்ளே வருகிறது.
அதன் பின்னால் போஜனின் வேன்,
டயரில் கேரட் மண் காயாமல்.

மீட்டரில் மஞ்சள் விளக்கின்மேல்
கறுப்பு டேப் ஒட்டியிருந்தார்.
"ராத்திரில கண்ணை உறுத்துது."

ஸ்டியரிங்கின் அடியில் தடவி
ஸ்கேனரைச் செருகினேன்.
அதற்கு இன்னும் ஏழு தவணை பாக்கி.
பி பூஜ்யம் ஒன்று ஏழு ஒன்று.
காற்று அதிகம், பெட்ரோல் குறைவு.
அவ்வளவுதான் சொல்லும்,
வயிறு வலிக்கிறது என்று குழந்தை அழுவதுபோல.
எங்கே, எப்போது என்பதெல்லாம்
நாம் அமுக்கிப் பார்த்துக்கொள்ள வேண்டியது.

மேட்டுப்பாளையத்தில் ஆக்சிஜன் சென்சார் மாற்றினார்களாம்,
நாலாயிரத்து எண்ணூறு.
ஸ்கேனர் இல்லை அவர்களிடம்.
விளக்கு தானாக அணையும் என்றார்களாம்.
பழையதைப் பேப்பரில் சுற்றி வைத்திருந்தார்,
பிடுங்கிய பல்லைப்போல.
பிரித்துப் பார்த்தேன். நல்ல பல்.

நின்ற இடத்தில் இன்ஜினுக்கு ஒரு குறையும் இல்லை.
ஊதுபத்தி கொளுத்தி
குழாய் குழாயாகக் காட்டினேன்.
புகை நேராக எழுந்து
கூரைத் தகரத்தில் முட்டி மடங்கியது.
"பூஜையா?" என்றார்.
ஓட்டை இருந்தால் இழுக்கும், அண்ணே.
இழுக்கவில்லை.

விளக்கு எரிந்த நொடியை மட்டும்
ஒரே ஒரு படமாக வைத்திருக்கும் வண்டியின் கணினி.
திறந்தேன்.
வேகம் அறுபத்தெட்டு.
சுழற்சி நாலாயிரத்து முந்நூறு.
தண்ணீர்ச் சூடு ஐம்பத்திரண்டுதான்,
வண்டி எடுத்து
ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது.

இந்த வளைவுகளில் அறுபத்தெட்டா?
"அன்னைக்கு யார் ஓட்டினது?"

டீ கிளாஸை உருட்டிக்கொண்டே இருந்தார்.
"நான்தான். பின்னால நஞ்சன் கிடந்தான்.
காட்டெருமை முட்டிடுச்சு."
"எல்லைக்கல் கேஸ் நஞ்சனா?"
"அவனேதான்."
ராத்திரி இரண்டு மணி. குன்னூர் ஆஸ்பத்திரி.
தொடையில் பதினாறு தையல்.
"இப்ப பேசறாரா?"
"எங்க. போன வாய்தாவுக்கும் வந்தான்,
கம்பு ஊனிக்கிட்டு."

ஏற்றம். இரண்டாம் கியர். முழு மிதி.
அப்போது இன்ஜின் தன் இருக்கையில்
பின்னுக்குச் சாயும்.
கட்டை ஒன்றை அடியில் கொடுத்து
ஜாக்கியால் அரை அங்குலம் சாய்த்தேன்.
காற்றுக் குழாயின் மடிப்புக்குள்
எலிப்பல் பட்ட ஒரு கீறல்
மெல்லப் பிரிந்தது.
ஊதுபத்திப் புகை
தயங்கி
வளைந்து
உள்ளே போனது.

"அட," என்றார் போஜன்.
ஜாக்கியை இறக்கினேன். மூடிக்கொண்டது.
ஏற்றினேன். திறந்தது.
அவரே ஒருமுறை ஏற்றிப் பார்த்தார்.

குழாய் அறுநூற்று ஐம்பது, கூலி முந்நூறு.
கூலியில் ஐம்பது குறைக்கச் சொன்னார்.
குறைக்கவில்லை.
எலி வராமலிருக்க
பானெட்டுக்குள் புகையிலை கட்டிவிட்டேன், இலவசமாக.

அழிக்கட்டுமா என்று கேட்டது ஸ்கேனர்.
"அழிச்சா அந்தப் படமும் போயிடுமா?"
"போயிடும்."
கண்ணாடியை மாட்டிக்கொண்டு
திரைக்குக் கிட்டே வந்தார்.
"நாலாயிரத்து முந்நூறு,"
விலை கேட்டவர்போலச் சொன்னார்.
"இந்த வண்டியா?"
பிறகு,
"அழிங்க. வெள்ளிக்கிழமை மறுபடி வாய்தா இருக்கு."

டேப்பை உரித்தேன்.
விளக்கு இல்லை. பசை மட்டும் இருந்தது.

மேட்டில் ஏறிப் போனார்.
இரண்டாம் கியரின் சத்தம்
மூட்டத்துக்குள் தேய்ந்துகொண்டே போனது.
அது வளைவு தாண்டும்வரை
அடுத்த வண்டியின் பானெட்டைத் திறக்கவில்லை.